புகையில் காயப்போட்ட சேலை

குயில்மட்டம் தேயிலை எஸ்டேட்டில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு செத்த வண்டியை மிதிக்க வேண்டும். கோயில் கல்யாணமானாலும் சர்ச் கல்யாணமானாலும் இதில் மாற்றம் கிடையாது. பழைய மருந்தாபீசுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் அந்த ஜாவா மோட்டார்சைக்கிளுக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, மேளக்காரர் ஒரு உருட்டு உருட்ட, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு மிதி மிதிப்பான். வண்டி உள்ளுக்குள் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். பலமாகச் செருமினால் தலைப்பிள்ளை ஆண், மெல்லச் செருமினால் பெண் என்று கூட்டம் கத்தும். அப்புறம்தான் தாலி, அப்புறம்தான் பிரியாணி.

வண்டி எப்போதோ இருந்த கம்பவுண்டர் விட்டுப்போனது. "எவன் ஸ்டார்ட் பண்றானோ அவனே எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போனாராம். அன்றைக்கு ஆரம்பித்த மிதி. இன்றைக்கு மலையில் கொழுந்து பறிக்கிற பாதிப் பேருடைய அப்பன்மார் அதை மிதித்துவிட்டுத்தான் அப்பன்மார் ஆனார்கள்.

ரீகன் கல்யாணத்தன்று அமலிக்குப் பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மேளக்காரர் வேறு உருட்டிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் டேங்க் மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தாள்.

"டேங்குல பெட்ரோலே இல்ல" என்றாள்.

"அதுக்கு?" என்றார் தங்கப்பழம். எஸ்டேட்டின் மேஸ்திரி அவர், எல்லா வேலைக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் முன்னால் நிற்பவர்.

"பிளக்கும் இல்ல. பிளக் போடுற ஓட்டையில பல்லி முட்ட வச்சிருக்கு. அந்த ஓட்டை வழியா வர்ற காத்தத்தான் செருமுது செருமுதுன்னு சொல்லிட்டிருக்கீங்க. இத்தன வருஷமா மிதிக்கறீங்களே, ஒருத்தருக்குமா பெட்ரோல் ஊத்திப் பாக்கலாம்னு தோணல?"

தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது சம்பிரதாயம், புள்ள. சம்பிரதாயத்துக்கு எவனாச்சும் பெட்ரோல் ஊத்துவானா?"

"அப்ப நீ ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்" என்றான் ரீகன், ஒரு காலைக் கிக்கரின் மேல் வைத்தபடியே.

"பண்றேன். பண்ணிட்டா வண்டி எனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ரீகன் மிதித்தான். வண்டி மெல்லச் செருமியது. பெண்பிள்ளை, பெண்பிள்ளை என்று கத்திக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

அமலி பிளஸ் டூவில் பாதியில் நின்றவள். வீட்டுக் கஷ்டம், உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அவளால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கரும்பலகையைப் பார்த்தால் அதன் ஆணி எப்படி அடித்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். அம்மா சவுரியம்மா கொழுந்து பறிக்கிறவள், அதிகம் பேசாதவள். அமலியின் அப்பா ஒரு பனிநாளில் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று கீழே இறங்கினார். அவரைத் தேடி அடுத்த பனியில் அண்ணன் இறங்கினான். இரண்டு பேரும் செத்ததாகவும் தகவல் இல்லை, இருப்பதாகவும் தகவல் இல்லை. கீழேயிருந்து பஸ் வரும்போதெல்லாம் சவுரியம்மா கூடையோடு நிமிர்ந்து ஒரு தடவை பார்ப்பாள், அப்புறம் குனிந்துகொள்வாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு தொழிலாளர் லைன் வீட்டு வாசலுக்கு வந்த மகளைப் பார்த்து அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இது ஓடுச்சுன்னா நீயும் ஓடிருவ."

"ஆமா. அதுக்குத்தான பண்றேன்" என்றாள் அமலி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதற்கும் பொறுமை வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை முழுக்க அமலி வண்டியைக் கழற்றினாள். கழற்றக் கழற்ற அவளுக்கு அந்த வண்டியின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஒரு ஆணி வீணாக இல்லை, ஒரு தகடு அலங்காரத்துக்காக இல்லை. கிக்கருக்கு ஒரு கம்பி, கியருக்கு ஒரு கம்பி என்று இல்லாமல் ஒரே கம்பியை மிதித்தால் கிக்கர், மடக்கி முன்னால் சாய்த்தால் கியர் என்று யோசித்த ஆள் எங்கே இருந்தாலும் அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பிஸ்டன் ஒரே நேரத்தில் மேலே ஒரு வேலையும் கீழே ஒரு வேலையும் பார்க்கிறது. மேலே போகும்போது அடியில் காற்றை இழுக்கிறது, கீழே வரும்போது வெந்த புகையை விரட்டிவிட்டுப் புதுக் காற்றை உள்ளே தள்ளுகிறது. ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுப்பை ஊதுகிற பொம்பளை மாதிரி. இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்றையும் அவள் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த எஞ்சின் துருவேறி இறுகிப்போயிருக்க வேண்டும். இறுகவில்லை. மாப்பிள்ளைகள் மிதித்துக்கொண்டே இருந்ததால் பிஸ்டன் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. முட்டாள்தனமாகத்தான் மிதித்தார்கள், ஆனால் அந்த மிதிதான் வண்டியைச் சாகவிடாமல் வைத்திருந்தது. இதை அவள் ரீகனிடம் போய் நேராகவே சொன்னாள். "சரி, சரி" என்று அவன் வெட்கப்பட்டான்.

கிளட்சுக்குக் கார்க் வேண்டும். மருந்தாபீசில் கிடந்த பழைய மருந்துப் புட்டிகளின் கார்க்கை அறுத்து அடைத்தாள். கேஸ்கட்டுக்கு ரீகனின் கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான தடிமனில் இருந்தது. கரி அடைத்துக் கிடந்த இரண்டு சைலன்ஸரையும் அடுப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டுத் தட்டினாள். உள்ளேயிருந்து கம்பவுண்டர் காலத்துக் கரி கட்டி கட்டியாக விழுந்தது. சிலிண்டரைக் கடைந்து வாங்க, சாக்கில் கட்டிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துப் பொள்ளாச்சியில் லேத் வைத்திருக்கும் காதர் பாய்க்கு அனுப்பினாள். மழையில் ஒரு நாள் ஆபீஸ் போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சிலிண்டர் ஓட்டையில கரி சுரண்டுனது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஒரு கீறல் இல்லையே, அதான் கேட்டேன். எதை வச்சு சுரண்டுன?"

"மூங்கில் சீவி."

அந்தப் பக்கம் அவர் லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"வயசு என்னம்மா?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"வண்டி ஓடுச்சுன்னா அதுலயே ஏறி இங்க வந்துரு. வேலை இருக்கு. கத்துக்குடுப்பேன்னு எதிர்பாக்காத, எனக்கு நேரம் கெடையாது. பாத்துக் கத்துக்க."

"எனக்கும் பொறுமை கெடையாது" என்றாள் அமலி. "வரேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆபீஸ் வாசலில் தங்கப்பழம் நின்றிருந்தார். அவர் லைனுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி நுழைந்துவிட்டது. சவுரியம்மா அன்றைக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தபோது ஒரு சிக்கல். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். கீழேயிருந்து வந்த ஆயில் டப்பா வழியிலேயே ஒழுகிப்போயிருந்தது. அடுத்த பஸ்வரைக்கும் அமலிக்குப் பொறுமை இல்லை. பக்கத்து வீட்டு பாக்கியம், வாய் பேசாமல் கை வேலை செய்யாதவள், அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தடவும் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள்.

"எண்ணெய்தான வேணும்? இது எண்ணெயில்லாம என்னடி?"

அரைப்புட்டிதான் இருந்தது. பாக்கியம் ஒரு சத்தம் போட, லைனில் வீட்டுக்கு ஒரு கரண்டி வந்தது. விளக்கெண்ணெய் பெட்ரோலோடு லேசில் சேராது. அமலி கேனைத் தோள் வலிக்கும்வரை குலுக்கி ஊற்றினாள். முதல் மிதியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒரு இருமல். பிளக்கைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து மறுபடி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மிதி.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. ஒரே சீராக ஓடுகிற வண்டிகளின் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு அது தப்பாகக் கேட்கும். டங் என்று ஒன்று, கொஞ்சம் யோசித்து டங் டங் என்று இரண்டு, அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒரு ஓட்டம், மறுபடி ஒரு யோசனை. மனுஷன் நடக்கிற மாதிரி ஓடியது அந்த எஞ்சின். தகரமெல்லாம் அதிர்ந்தது, கோழிகள் கூரையில் ஏறின, தங்கப்பழம் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அமலி ஏறி உட்கார்ந்து, மிதித்த கம்பியையே மடக்கிக் கியராக்கி, லைன் வாசலிலிருந்து பாக்டரிக்கும், பாக்டரியிலிருந்து கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும், அங்கிருந்து சர்ச் வழியாகச் சுற்றி மறுபடி வீட்டுக்கும் வந்து நிறுத்தினாள்.

புகை போகவில்லை.

இரண்டு சைலன்ஸரிலிருந்தும் வெள்ளையாக வந்த புகை இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அங்கேயே இரண்டு கயிறாக நின்றுவிட்டது. அவள் போன வழியெல்லாம், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, வளைந்த இடத்தில் வளைந்து, ஏறிய இடத்தில் ஏறி, விளக்கெண்ணெய் மணத்தோடு நின்றது. காற்றடித்தால் லேசாக ஆடியது. ஜீப் வந்தால் வழிவிட்டு, போனதும் ஒட்டிக்கொண்டது. பாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், மழையால் மூன்று நாளாகக் காயாத பாவாடையைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டாள். நின்றது.

"காயுதா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"சூடாத்தான் இருக்கு. போடு, போடு."

சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கப் புகையில் துணி காய்ந்தது. ஏன் நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் துணி காய்வதைவிடப் பெரிய கேள்வி அங்கே எதுவும் இல்லை. மாரியம்மன் கோயில் பூசாரி முகர்ந்து பார்த்து, விளக்கு வாசனை வருவதால் அம்மனுக்கு ஆட்சேபணை இருக்காது என்றார். சர்ச்சிலிருந்து உபதேசியார் வந்து தன் வெள்ளை அங்கியை ஓர் ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். மேனேஜர் துரை ஜீப்பிலிருந்து இறங்கிப் புகையைப் பிரம்பால் தட்டிப் பார்த்தார், 'ங்ங்' என்று ஒரு நாதம் வந்தது. கம்பெனி நிலத்தில் நிற்கும் புகை கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அந்த நோட்டீஸ் மழையில் நனைந்தபோது அதையும் பிய்த்துப் புகையிலேயே காயப்போட்டார்கள். அட்டைகள் புகைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. யானைகள் வந்தன. வந்த கூட்டம் புகையை முகர்ந்து, யோசித்து, பெரியவை காலைத் தூக்கி வைத்துத் தாண்ட, குட்டிகள் அடியில் நுழைந்து போயின. ஒரு துணி கூட விழவில்லை.

துணி விழுந்தது அமலியால்தான். அடுத்த நாள் பாக்டரிவரை போனவள் அதே வழியில் திரும்பினாள். அவள் வந்த தூரமெல்லாம் புகை சைலன்ஸருக்குள் போய்விட்டது, நூலைச் சுருட்டுகிற மாதிரி. பின்னால் பாவாடை, சட்டை, போர்வை எல்லாம் தொப்புத் தொப்பென்று சேற்றில்.

"ஏண்டி! தொவச்சுப் போட்ட சேலைடி! கண்ணு தெரியல?"

அன்றையிலிருந்து ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆனது. அமலியின் சுற்றுகளால் எஸ்டேட்டில் புகை போகாத இடம் இல்லாமல் போனது, தண்ணீர்க் குழாய்க்கு, ரேஷன் கடைக்கு, கல்லறைக்கு. பெருமழை பெய்தால் கயிறு மெலியும், அவள் ஒரு சுற்றுப் போனால் மறுபடி தடிக்கும்.

புகையின் உண்மையான உபயோகம் பனி இறங்கியபோதுதான் தெரிந்தது. குயில்மட்டத்துப் பனியில் தன் கையைத் தனக்கே தெரியாது. ஒரு மத்தியானம் நினைக்காத நேரத்தில் இறங்கிவிட்டது. அம்மாக்கள் மேல்மலையில் கொழுந்து பறிக்க, பிள்ளைகள் எல்லாம் பிள்ளைக்காம்பராவில், யானைக்கூட்டம் எங்கேயோ மூச்சு விடுகிற சத்தம். பறித்த கூடையைப் போட்டுவிட்டு அம்மாக்கள் கத்திக்கொண்டே தட்டுத்தடுமாறி இறங்கிவந்தால், பிள்ளைகள் ஏற்கெனவே லைன் வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். ஆயா அவர்களை இரண்டு புகைக்கும் நடுவில் விட்டிருக்கிறாள். இடக்கையில் ஒன்று வலக்கையில் ஒன்று பிடித்துக்கொண்டு, வேலி போட்ட பாதை மாதிரி, பாட்டுப் பாடிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

அன்றைக்கே எஸ்டேட் முடிவு செய்துவிட்டது, அமலி எங்கேயும் போகக்கூடாது. தங்கப்பழம் வீட்டுக்கு வந்தார்.

"துரைகிட்ட பேசிட்டேன். கம்பெனி உனக்கு வேலை போட்டுத் தரும். நெரந்தரம். புகை போடுற வேலை. இந்தியாவுலயே எவனுக்கும் கெடையாது."

"வேணாம். நான் பொள்ளாச்சி போறேன்."

"கீழ போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

"சிலிண்டர் கடையப் போறேன். இந்த ஒரு வண்டிதான் எனக்குத் தெரியும். எனக்கு எல்லா வண்டியும் தெரியணும்."

"சவுரியம்மா, நீ சொல்லேன்" என்றார் தங்கப்பழம்.

சவுரியம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அமலிக்கு அதுதான் தாங்கவில்லை. அம்மா வேண்டாம் என்றால் சண்டை போடலாம். சரி என்றால் போகலாம். ஒன்றும் சொல்லாதவளிடம் என்ன செய்வது? மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தாள். செக்போஸ்ட் டீக்கடைவரை ஒரே ஓட்டமாக வந்து ஒரு டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், புகையைப் பிடித்துக்கொண்டே பாக்கியம் வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் லைனில் பாதி. ஒளிந்து ஓட நினைத்தவள் தன் பின்னாலேயே வழிபோட்டுக்கொண்டு ஓடியிருந்தாள்.

"எங்கடி போற, அனாதை மாதிரி சொல்லாம கொள்ளாம?" என்றாள் பாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டு. "அண்ணே, எனக்கும் ஒரு டீ. சக்கரை தூக்கலா."

எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மா வரவில்லை. அது அமலிக்கு எங்கேயோ குத்தியது. டீயைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். போட்ட புகையெல்லாம் அவளோடு திரும்பி வந்தது.

வீட்டு வாசற்படியில் சவுரியம்மா உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் காலியாகக் கிடந்தது, வேலைக்குப் போகவில்லை. வலது கையை இடுப்பு உயரத்தில் எதையோ பிடித்த மாதிரியே வைத்திருந்தாள். அவள் கையிலிருந்து கடைசிப் புகை நழுவி சைலன்ஸருக்குள் போனது.

"டீக்கடகிட்ட நின்னியா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"துடிக்குதுடி. கைய வச்சா தெரியுது. ஏத்தத்துல ஒரு மாதிரி துடிக்குது, எறக்கத்துல ஒரு மாதிரி. கோயில் வளைவுல நீ வேகத்தக் கொறைக்கல. பாலத்துக்கிட்ட ஒரு தடவ வழுக்குன. அப்புறம் நின்னுச்சு. சரி, டீ குடிக்கிறான்னு நெனச்சேன். அப்புறம் திரும்பி என் கைக்கு வந்துச்சு."

அமலி வண்டியை நிறுத்தவில்லை. டங், யோசனை, டங் டங்.

"உங்கப்பன் போனப்ப இப்படி ஒண்ணு என் கையில இருந்திருந்தா, போன்னு சொல்லியிருப்பேன். உங்கண்ணனையும் சொல்லியிருப்பேன். போறது இல்லடி எனக்குக் கஷ்டம். இருக்கானா இல்லையான்னு பஸ்ஸப் பஸ்ஸாப் பாக்குறதுதான்."

"அப்ப நான் போவட்டுமா?"

"ரோட்டோட போ. குறுக்கால பூந்து போகாத. வரும்போது இதே வழியா வா." சவுரியம்மா எழுந்து கூடையை மாட்டிக்கொண்டாள். "கோயில் வளைவுல மெதுவாப் போ."

சவுரியம்மா சரி என்ற பிறகு எஸ்டேட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பேச மட்டும் பேசியது. பனிக்கு நாங்கள் என்ன செய்வது என்றார் தங்கப்பழம். வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, அமலி ஒரு பகல் முழுக்க எல்லாப் பாதைக்கும் சுற்றிச் சுற்றிக் மணிக்கட்டுத் தடிமனுக்குப் புகை போட்டாள். மழை கரைத்தால் வந்து போடுவேன் என்றாள். சரி, மாப்பிள்ளைகள் இனிமேல் எதை மிதிப்பது என்றார். பல் தேய்ந்துபோய் அவள் மாற்றியிருந்த பழைய கிக்கர் கம்பியைக் கொண்டுவந்து கொட்டகைக் கல்லில் ஆணி அடித்துக் கொடுத்தாள்.

"இதுலயும் பெட்ரோல் இல்ல. உங்களுக்கு நல்லா செட் ஆவும்."

தங்கப்பழம் அதை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பரவாயில்லை என்றார்.

அமலி புறப்பட்ட அன்றைக்கு சவுரியம்மா வேலைக்குப் போகவில்லை, வழியனுப்பவும் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து புகையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நடந்ததைப் பாக்கியம் அப்புறம் அமலியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சுற்றி லைனே உட்கார்ந்திருந்ததாம். "எங்க வந்துட்டா, எங்க வந்துட்டா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். சவுரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, இப்போது கோயில் வளைவு, மெதுவாத்தான் போறா, இப்போது காட்டுக்குள்ள, குளிருது அவளுக்கு, இப்போது கொண்டை ஊசி, ஒன்று, இன்னொன்று, இரண்டாவது கியர், பிரேக், லாரி வருது, ஒதுங்கிட்டா என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். வாழ்நாளில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

அமலிக்கு அது எதுவும் தெரியாது. அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். கார்க்கும் கல்யாணப் பத்திரிகையும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அவளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தன. வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி பட்பட்டென்று முணுமுணுத்தது, கொடுத்தால் தொண்டையைத் திறந்து கத்தியது. ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மேலே மலைமுழுக்க அவள் போட்ட புகை வளைந்து வளைந்து கிடந்தது, யாரோ மலைக்கு இரட்டைப் பின்னல் போட்ட மாதிரி. வரையாடு ஒன்று அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அமலி வாய்விட்டுச் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு என்ன வெட்கம்.

பொள்ளாச்சியில் லேத்துக்குள்ளேயே வண்டியோடு நுழைந்தாள். காதர் பாய் எஞ்சின் சத்தத்தைத் தலைசாய்த்து முழுசாகக் கேட்டுவிட்டு, பின்னால் தெருமுழுக்க வந்திருந்த இரண்டு கயிற்றையும் பார்த்தார்.

"இது?"

"வீட்டுக்குப் போற வழி."

"நல்லது" என்று தோளில் கிடந்த கிரீஸ் துண்டை அதன் மேல் போட்டார். "அந்தப் பெரிய சிலிண்டரை எடு. இன்னிக்கு முடிக்கணும்."

அன்று சாயங்காலம் கை கழுவிவிட்டு அமலி சைலன்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து புகையின் மேல் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மலைக்கு மேலேயிருந்து யாரோ மெல்லத் தட்டுகிற மாதிரி ஒரு அதிர்வு வந்தது. அவளும் தட்டினாள்.

அவள் லேத்தைக் கற்றாள், சிலிண்டர் ஓட்டையைக் கடைந்து போர் போடக் கற்றாள், தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி காதர் பாயிடம் திட்டு வாங்கினாள், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லி அதற்கும் வாங்கினாள். ஊரில் உள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியெல்லாம் அவளைத் தேடி வந்தன. அப்புறம் மலையில் மூன்று நாள் விடாமல் பெய்த பெருமழை ஓய்ந்ததும், வீட்டுப் பாதைகள் மெலிந்திருக்கும் என்று நினைத்து, டேங்கை நிரப்பிக்கொண்டு அதே ரோட்டில் ஏறினாள்.

வழிநெடுகத் துணி. அவளுக்குத் தெரியாத ஆட்கள் எல்லாம் அந்தப் புகையைச் சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் சலவைக்காரர் வேட்டிகள், வனத்துறை வாட்சரின் காக்கிச் சட்டை, டீக்கடைக்காரரின் பால் வடிகட்டும் துணி. அவள் ஏற ஏறப் புகை உள்ளே போனது, ஒவ்வொன்றாக விழுந்தது, ஒவ்வொருவராகத் திட்டினார்கள், கையையும் ஆட்டினார்கள். கோயில் வளைவில் மெதுவாகத் திரும்பியவள் அப்படியே வேகத்தைக் குறைத்தாள்.

எஸ்டேட்டின் நல்ல துணியெல்லாம் அங்கேயிருந்து லைன்வரைக்கும் தொங்கியது. ரீகனின் கல்யாண வேட்டி, உபதேசியாரின் பண்டிகை அங்கி, தங்கப்பழத்தின் பட்டுத்துண்டு, பாக்கியத்தின் ஒரே பட்டுச்சேலை. வேறு பாதைகளில் எவ்வளவோ புகை இருக்க, விழும் என்று தெரிந்த இந்தப் புகையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டும் ஒருவரும் ஓடிவந்து எடுக்கவில்லை. லைன் வாசல்களில் வரிசையாக நின்று, தங்கள் துணி விழும் முறைக்காகக் காத்திருந்தார்கள். வேட்டி விழுந்தது, கத்தினார்கள். அங்கி விழுந்தது, கத்தினார்கள். பாக்கியத்தின் பட்டு சேற்றில் விழுந்தபோது அவளே கைதட்டினாள்.

கடைசியாக, வீட்டு வாசலில், புகையின் நுனியில், சவுரியம்மா சர்ச்சுக்கு மட்டும் கட்டும் ஊதாச் சேலை. அவள் அதற்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். நீட்டவில்லை. வண்டி வந்து நின்றது, கடைசிச் சாண் புகை உள்ளே போனது, சேலை செம்மண் சேற்றில் விழுந்தது.

சவுரியம்மா குனிந்து அதை எடுத்து உதறினாள்.

"ஏண்டி, தொவச்சுப் போட்ட சேலை. கண்ணு தெரியல?"

"நீதான எடுக்கல, பக்கத்துலயே நின்னுக்கிட்டு."

சவுரியம்மா வாளியில் தண்ணீர் மொண்டு சேலையை அலசினாள், முறுக்கினாள், தோளில் போட்டுக்கொண்டு மகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு மேலே வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"திரும்ப எப்பப் போற?" என்று கேட்டாள். "சொல்லு, இதக் காயப்போடணும்."